சீமாட்டியும் என் வலது இடுப்பும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் மனைவியின் தலைமேல் சத்தியம் செய்து தொடங்கினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "என் தலையை எடுங்க அதுலேருந்து" என்றாள். ஆகவே என் மச்சான் தலைமேல் சத்தியம். அவன் பக்கத்தில் இல்லை. எழுபத்தொரு வயதில் பொய் சொல்லி எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்?

வலி எங்கே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பு கீழே இறங்கி வந்து இடுப்பெலும்போடு கைகோக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இடுப்பு வாருக்கு இரண்டு விரற்கடை கீழே, வலப்பக்கம். குதிரைமேல் இருக்கும்போது அங்கே ஒன்றும் தெரியாது. இறங்கினால் தெரியும். படுக்கையில் புரண்டால் தெரியும். காலுறை மாட்டக் குனிந்தால், அந்த வேலை முடிவதற்குள் காலைச் செய்தி முடிந்து வானிலை அறிக்கை வந்துவிடும்.

குதிரை என் சொந்தக் குதிரை அல்ல. பயிற்சிப் பள்ளியின் குதிரை. பத்தொன்பது வயதுப் பெண் குதிரை. நடக்கும் தோரணையைப் பார்த்து எல்லோரும் சீமாட்டி என்று கூப்பிடுவார்கள். ஆறு வருடமாகத் தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை அவள் எனக்கு மட்டும் என்று ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

வலி வந்த பிறகு நான் இடப்பக்கம் சாய ஆரம்பித்தேன். முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு மழை நாளில் என் வலது காது மட்டும் நனைந்தது. இடது காது சீமாட்டியின் கழுத்துக்குக் கீழே பத்திரமாக இருந்தது. அவளும் மரியாதை தெரிந்த பிராணி. நான் விழுந்துவிடக் கூடாது என்று அவளும் என்னோடு சேர்ந்து சாய்ந்தாள். எங்கள் குளம்புத் தடத்தைப் பார்த்தால் தெரியும்: வலப்பக்கக் குழிகள் யாரோ ஊதிவிட்டதுபோல இருக்கும், இடப்பக்கக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கிக் குருவிகள் குளித்தன. ஒரு குழியில் தவளை குடியேறியதையும் பார்த்தேன்.

இந்த நிலையில் செயலாளர் அம்மா என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பள்ளியை நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் விசில், கையில் பதிவேடு. இரண்டையும் கழற்றி வைத்து நான் பார்த்ததில்லை.

"சார், புது விதி வந்திருக்கு. அறுபத்தஞ்சு தாண்டினவங்க டாக்டர்கிட்டேருந்தோ பிசியோகிட்டேருந்தோ கடிதம் கொண்டு வரணும். அப்புறம் மைதானத்துல நடுக்கோட்டு மேல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் குதிரையை நேரா நடத்திக் காட்டணும். அடுத்த மாசக் கடைசி சனிக்கிழமை."

"காட்டலைன்னா?"

"சீமாட்டியை ஆரம்ப வகுப்புக்கு மாத்திடுவோம்."

ஆரம்ப வகுப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு பேர் ஏறுவார்கள். ஆறு பேரும் கடிவாளத்தை, கிணற்றில் வாளி இறைப்பதுபோல இழுப்பார்கள். போன வருடம் அந்த வகுப்புக்குப் போன பழுப்புக் குதிரை நான்கே மாதத்தில் இடது எது, வலது எது என்பதை மறந்துவிட்டது. யாராவது அருகில் வந்தால் தானாகவே வாயைத் திறந்து காட்டும், பல் டாக்டரிடம் போனதுபோல. சீமாட்டிக்கு வாய் பூப்போல. கடிவாளத்தைச் சுண்டு விரலால் தொட்டாலே நிற்பாள்.

கையில் ஐந்து வாரம் இருந்தது. பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் போனேன். சின்ன அறை, சுவரில் ஓர் எலும்புக்கூட்டின் படம். அதன் இடுப்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"எங்க வலிக்குது சார்? ஒரு விரலால காட்டுங்க."

"ஒரு விரல் போதாதும்மா."

"உள்ளங்கையால காட்டினா அது பெரும்பாலும் தசை. ஒரு விரலால காட்ட முடிஞ்சா மூட்டுன்னு யோசிப்பேன். காட்டுங்க."

காட்டினேன். அவள் அந்த இடத்தை அமுக்கினாள். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. குப்புறப் படுக்க வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்து, ஒற்றைக் காலில் நிற்க வைத்து, இரண்டு கட்டை விரலையும் இடுப்பின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தாள்.

"வலது பக்கம் ஒரு விரல் அளவு மேல ஏறியிருக்கு சார். இடது பக்கம் சாஞ்சு சாஞ்சு உக்காந்து அந்த மூட்டு எரிச்சலாகியிருக்கு. குதிரை ஏறுறதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்த முடியுமா?"

"இதையே என் வீட்டுக்காரி முப்பது வருஷமா கேக்குறா. நீங்க கேக்க ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம்தான் ஆகுது."

"சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடை மட்டும். பாய்ச்சல் கூடாது."

"பத்தொம்பது வயசும்மா அதுக்கு. பாயச் சொன்னா படுத்துக்கும்."

அவள் சிரிக்கவில்லை. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணையை வைத்து நெரிக்க வேண்டும். ஒரு காலை மார்புக்கு இழுக்க வேண்டும். இடுப்பெலும்பைச் சுற்றி நான்கு விரல் அகல பெல்ட். இதெல்லாம் காலையும் மாலையும். கடைசியில் விரலை நீட்டிச் சொன்னாள்: "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். அப்பத்தான் எது வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியும். நீங்களா செருப்பு, நாற்காலி, சேணம்னு எதையும் மாத்தாதீங்க."

மாற்றவில்லை. நான் மாற்றவே இல்லை.

ஆனால் முதுகு வலி என்று ஊரில் வாய் திறந்து பாருங்கள். உலகத்தில் டாக்டர் அல்லாதவன் என்று ஒருவன் இல்லை என்பது தெரிந்துவிடும். முடி வெட்டுகிறவர் தரையில் படு என்றார். தபால்காரர் தரையில் மட்டும் படுக்காதே என்றார். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண் டாக்டர் என் கண்ணில் வெளிச்சம் அடித்தபடியே தன் மாமியாரின் இடுப்பைப் பற்றிச் சொன்னார். தவறான எண்ணுக்கு வந்த அழைப்பில் ஒருவர் வெந்நீர் ஒத்தடம் சொல்லிவிட்டு வைத்தார்.

எல்லாவற்றையும் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாயத்தில்தான் பொறுமை போய்விட்டது. லாடக்காரர் சீமாட்டியின் காலைத் தன் தொடைமேல் வைத்து லாடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சேணம் தைக்கும் என் மச்சான் சேணத்தின் வாரைப் பார்க்க வந்திருந்தான். என் வீட்டுக்காரி ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டு வந்திருந்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"பெரியவரே, கோளாறு குதிரை கால்ல இருக்கு. கீழ சரியா இருந்தா மேல சரியா இருக்கும்," என்றார் லாடக்காரர்.

"அதெல்லாம் இல்ல மாமா, உக்கார்ற இடம்தான் முக்கியம். சேணத்துல ஒரு பக்கம் பஞ்சு அமுங்கிப்போச்சு," என்றான் மச்சான்.

"இவருக்குப் பொறந்ததுலேருந்தே ஒரு கால் கட்டை. பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க அப்பா சொன்னாரு," என்றாள் என் வீட்டுக்காரி.

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"இனிமே என் இடுப்பைப் பத்தி எவராவது ஒரு வார்த்தை பேசினா, சாகுற வரைக்கும் அவங்களோட நான் பேச மாட்டேன்."

மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதி எனக்கு அன்றைக்கு அமிர்தமாக இருந்தது. மூடிய வாய் எவ்வளவு ஆபத்தானது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் என் சாய்மானம் குறைந்தது. அதற்கடுத்த வாரம் நேராக நின்றேன். மூன்றாவது வாரம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், வலப்பக்கம் சாய ஆரம்பித்தேன். கொஞ்ச நஞ்சமல்ல. சீமாட்டிமேல் உட்கார்ந்து நேராகப் போ என்றால் வலப்பக்கம் வட்டம் போட்டாள். ஒரு காலையில் பதினேழு வட்டம். அந்த இடத்தில் மண் உள்வாங்கி இப்போதும் தொட்டிபோல இருக்கும். தெருவிலும் இதே கதைதான். கடிதம் ஒன்றைத் தபால் பெட்டியில் போடப் புறப்பட்டேன். திரும்பிய திருப்பமெல்லாம் வலதாகவே அமைந்து வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தேன். நான்கு முறை. நான்காவது முறை வீட்டுக்காரி கதவைத் திறந்து, "டீ வேணும்னா வாயத் தொறந்து கேளுங்களேன்" என்றாள். எங்கள் வீட்டுச் சுவரில் நாற்பது வருடமாகக் கோணலாகத் தொங்கும் கல்யாணப் போட்டோ அந்த வாரம் எனக்கு நேராகத் தெரிந்தது. வீட்டுக்காரி கோணலாகத் தெரிந்தாள். இதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

பிசியோ பெண் கட்டை விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து மூன்றாம் முறை பார்த்தாள்.

"போன வாரம் சமமா இருந்தீங்க. இப்ப இடது பக்கம் மூணு விரல் மேல. நான் சொன்ன பயிற்சியால இப்படி ஆகவே ஆகாது சார். என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நான் உண்மையச் சொல்றேன்."

"அதையும்தான் சொல்வாங்க."

வாழ்க்கையில் நான் உண்மை பேசிய சில தருணங்களில் அதுவும் ஒன்று. யாரும் நம்பவில்லை. இப்படி நடந்தால் மனிதன் எப்படித் திருந்துவான்?

சோதனைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, சீமாட்டி தண்ணீர் வாளியைக் கவிழ்த்தாள். என் இடது பூட்ஸுக்குள் தண்ணீர் போனது. கழற்றிக் கவிழ்த்தேன். தண்ணீர் வந்தது. அதன் பின்னால் ஜனவரி வந்தது. பிறகு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. நாட்காட்டியின் ஐந்து தாள்கள், நான்காக மடித்தவை, அடித்தோலுக்குக் கீழே. மார்ச் பன்னிரண்டாம் தேதிக் கட்டத்தில் என் வீட்டுக்காரியின் கையெழுத்து: "பல் டாக்டர், 4 மணி."

அவளுக்கு ஃபோன் போட்டேன். லாயத்துக்கு வந்தாள். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

"நீங்கதான ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னீங்க? பேசினேனா?"

"அஞ்சு மாசத்தைத் தூக்கி என் கால்ல வெச்சிருக்க."

"முதல்ல ஜனவரி மட்டும்தான் வெச்சேன். லேசா நிமிந்தீங்க. சரி வேலை செய்யுதுன்னு மீதியையும் வெச்சேன்."

சேணத்துக்கு எண்ணெய் பூச வந்திருந்த மச்சான் இதைக் கேட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டான். "அக்கா, நிமிந்தது உன்னால இல்ல. நான் சேணத்துல இடது பக்கம் பஞ்சு ஏத்தினேன்."

"டேய், எப்படா ஏத்தின?"

"அந்த ஞாயித்துக்கிழமையே. அப்புறம் நிமிர்றாருன்னு தெரிஞ்சதும் இன்னும் ரெண்டு தடவை ஏத்தினேன். ஒரு தலையணை அளவுக்கு வரும்."

பக்கத்துக் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த லாடக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"நீங்களுமா?" என்றேன்.

"இடது பக்கம் ரெண்டு குளம்புக்கும் லாடத்துக்கு அடியில தோல் அட்டை குடுத்தேன் பெரியவரே. ஒரு அட்டைதான். அப்புறம் இன்னொண்ணு. அதாலதான் நீங்க நிமிந்தீங்க. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"பஞ்சுதான்," என்றான் மச்சான்.

"நாட்காட்டிதான்டா," என்றாள் என் வீட்டுக்காரி. "நான் வெச்ச அன்னிக்கே வித்தியாசம் தெரிஞ்சுது."

என் இடுப்பை யார் கெடுத்தது என்பதில் மூன்று பேருக்கும் போட்டி. எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரை பாவம், சும்மா நின்றது. குழி பறித்தவர்கள் பக்கத்தில் நின்று என்னுடையது ஆழமா, உன்னுடையது ஆழமா என்று சண்டை போட்டார்கள்.

பூட்ஸிலிருந்து மாதங்கள் போயின. சேணத்திலிருந்து பஞ்சு போனது. அதைக் குவித்தபோது சீமாட்டி அதன்மேல் படுக்கப் பார்த்தாள். லாடத்திலிருந்து அட்டைகள் போயின. வெள்ளிக்கிழமை பிசியோ பெண் தன் கட்டை விரல்களைக் கொண்டு வந்து பார்த்தாள்.

"சமம்," என்றாள். "வலி?"

அமுக்கினாள். இந்த முறை நான் சொன்னதை எழுதலாம்: "இல்லம்மா." ஐந்து வாரம் இடுப்பைத் தூக்கியதும் தலையணையை நெரித்ததும் இத்தனை தடைக்கு நடுவிலும் தம் வேலையைச் செய்திருந்தன.

"கடிதம் எழுதித் தர்றேன். ஆனா நாளைக்கு நீங்க குதிரைமேல உக்கார்றதை என் கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்து. உங்க வீட்டு ஆளுங்களை நான் நம்பல."

சனிக்கிழமை காலை மைதானத்தில் புதிதாகக் கோடு போட்டிருந்தது. வாசலிலிருந்து மறுகோடி வரை வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. அது முடியும் இடத்தில் நாற்காலி போட்டு, விசிலோடும் பதிவேட்டோடும் செயலாளர் அம்மா. வேலிக்கு வெளியே நான்கு பேர்: வீட்டுக்காரி, மச்சான், லாடக்காரர், கையில் கையெழுத்திடாத கடிதத்தோடு பிசியோ பெண். முதல் மூவரையும் கைகளை வேலிமேல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

ஏறினேன். உட்கார்ந்தேன். வலி வந்த பிறகு முதல் முறையாக இரண்டு பிட்டமும் சேணத்தில் ஒரே கனமாக அமர்ந்தன. விசில் ஊதியது. சீமாட்டி புறப்பட்டாள். கழுத்து நேர், காது நேர், தட்டில் தண்ணீர் வைத்தாலும் சிந்தாத நடை. பத்தடி வரை கோடு எங்களுக்குக் கீழே இருந்தது. இருபதடியில் இடப்பக்கம் நழுவியது. நான் சாய்கிறேனா என்று பார்த்தேன், இல்லை. சீமாட்டி வளைகிறாளா என்று பார்த்தேன், இல்லை. மறுகோடியை எட்டியபோது நாற்காலிக்கு ஆறடி வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

செயலாளர் அம்மா பதிவேட்டைத் திறந்தார். "கோட்டை விட்டு விலகிட்டீங்க சார். வருத்தமா இருக்கு. திங்கக்கிழமைலேருந்து சீமாட்டி ஆரம்ப வகுப்புல."

சீமாட்டியின் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றாமல், "கோடுதாம்மா கோணலா இருக்கு" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் அவர், பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.

அது பழமொழிதான், மறுக்கவில்லை. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் லாடக்காரர் பிடிவாதக்காரர். குளம்பை மயிரிழை பார்த்துச் சீவுகிற கண். வேலியைத் தாண்டி வந்தார். மச்சானின் அளவு நாடாவை வாங்கி, வாசல் பக்கம் இரண்டு வேலிக்கும் கோடு எவ்வளவு தூரம் என்று அளந்தார். சரிபாதி. மறுகோடியில் அளந்தார். வலப்பக்க வேலி முப்பத்தாறடி. இடப்பக்க வேலி இருபத்து நாலடி.

"அம்மா, இந்தக் கோட்டை யாரு போடுறது?"

"நாலு வருஷமா நான்தான். சுண்ணாம்பு வண்டியை நானே தள்ளிட்டு நேரா நடந்து வருவேன். கோடு முடியிற எடத்துல நாற்காலி போடுவேன். இதுல என்ன கோணல்?"

பிசியோ பெண் வேலியைச் சுற்றி வந்தாள்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க மேடம். இங்கேருந்து வாசல் வரைக்கும்."

நடந்தார். வாசலுக்குப் போகவில்லை. இடப்பக்கம் வளைந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்.

"எங்கயாவது வலிக்குதா மேடம்? ஒரு விரலால காட்டுங்க."

செயலாளர் அம்மா சுற்றிப் பார்த்தார். பிறகு பதிவேட்டை முதல் முறையாகக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு வாருக்கு இரண்டு விரற்கடை கீழே, வலப்பக்கம் காட்டினார்.

நான்கு வருடமாக அந்தப் பள்ளியின் பதினான்கு குதிரைகளும் அந்தக் கோட்டின்மேல்தான் தினமும் நடந்தன; மேலே இருந்தவர்கள் எல்லோரும் அதோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தார்கள். அன்று மதியத்துக்குள் பிசியோ பெண் பதினொரு பேரிடம் ஒரு விரலால் காட்டச் சொன்னாள். பதினொரு விரலும் ஒரே இடத்துக்குப் போயின. மீதி மூன்று பேர் தமக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் குதிரையிலிருந்து இறங்கவில்லை.

நாடாவை வைத்துப் புதுக்கோடு போட்டார்கள். சீமாட்டி அதன்மேல் ஒரு சுண்ணாம்புத் துகள் சிதறாமல் நடந்தாள். பிசியோ பெண் என் முதுகைச் சுவராக வைத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். காலை ஆறு முதல் ஏழு வரை சீமாட்டி எனக்கே என்று பதிவேட்டில் ஏறியது. இதை எழுதிய செயலாளர் அம்மா நின்றபடியே எழுதினார், உட்கார்ந்தால் வலிக்கிறதாம். நான் அவருக்கு ஓர் ஆலோசனை சொல்ல வாயெடுத்தேன். என் இடுப்பைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்றார்.

பயிற்சிப் பள்ளி எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதன் வாசலுக்குள் நான் இன்றுவரை காலெடுத்து வைத்ததில்லை. மச்சான் தலைதான் பாவம்.